இந்த வருஷம் எந்த ஊரு?

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு புதுப் பாய் வரும். முசிறியில் பாய்க்கு என்ன பஞ்சம்? ஆத்தோரமெல்லாம் கோரை. அறுத்து, கீறி, காயவைத்து, தறியில் ஏற்றினால் பாய். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரை நெய்து தருவார்கள், பச்சையும் சிவப்புமாகச் சாயம் ஏற்றித் தருவார்கள். அப்பா வாங்குவது அதெல்லாம் இல்லை. சாயம் போடாத ஒற்றைப் பாய். அதைச் சுருட்டி, ரெண்டு இடத்தில் சணல் கயிறு கட்டி, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம் விட்டு, கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பார். அந்தப் பாய் கதவுக்குப் பின்னால் நின்றால் அடுத்த நாலைந்து நாளில் அப்பா கிளம்பிவிடுவார் என்று அர்த்தம்.

கடைவீதியில் பாய் விற்கிற அண்ணன் காசை வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்பார். "கோச்சு, இந்த வருஷம் எந்த ஊரு?"

நான் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். அப்பா சொல்லும் ஊர்ப் பேர் எனக்கும் அப்போதுதான் தெரியவரும்.

1997-லிருந்து 2016 வரை, பத்தொன்பது வருஷத்தில் பதினோரு ஊர். பதினோரு பாய். ஊரை விட்டுக் கிளம்பும்போது பாயை அங்கேயே யாராவது ஹாஸ்டல் பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு பாய்கூட வீடு திரும்பியதில்லை. ஏன் என்று அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, "பழைய பாயைத் தூக்கிட்டு வந்தா வேலை போச்சுன்னு தெரிஞ்சுடும்ல" என்று சிரித்தார். அது ஜோக் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024 ஜூன் 12-ஆம் தேதி டி.கே. சாத்துண்ணி செத்துப்போனார். நான் சென்னையிலிருந்து ரெண்டு நாள் லீவில் முசிறிக்கு வந்திருந்தேன். மறுநாள் காலையில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக யூடியூபில் பழைய மேட்ச் ஏதாவது ஓடும். அன்றைக்குச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் மலையாளச் செய்தி. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் போட்டோ.

"யாருப்பா?"

"சாத்துண்ணி சார். சாலக்குடிக்காரரு. பெரிய கோச்சு."

"உனக்குப் பழக்கமா?"

"எனக்கு அவரத் தெரியும். அவருக்கு என்னத் தெரியாது."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பா பேச ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அப்பா பேசுவது அபூர்வம். கிரவுண்டில் தொண்டை கிழியக் கத்துகிற ஆட்கள் வீட்டில் ஊமையாகிவிடுவார்கள் போல.

1990-இல் அப்பாவுக்கு இருபத்து மூணு வயசு. கோயம்புத்தூரில் ஒரு மில் அணியில் ஸ்டாப்பர் பேக். பெடரேஷன் கோப்பை திருச்சூரில் நடந்தது. இறுதிப் போட்டி கேரள போலீஸுக்கும் கோவாவின் சால்கோகருக்கும். சால்கோகர் முந்தின ரெண்டு வருஷமும் அந்தக் கோப்பையைத் தூக்கிய அணி. அப்பாவும் இன்னும் மூணு பேரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பாலக்காடு வழியாக பஸ் பிடித்துப் போயிருக்கிறார்கள். ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி எல்லாம் போலீஸ் அணியில். விஜயன் சின்ன வயசில் அதே திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர் என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த கதை. போலீஸ் ஜெயித்தது. ஒரு தென்னிந்திய போலீஸ் அணி நாட்டின் பெரிய கிளப்புகளை எல்லாம் தாண்டி ஜெயித்தது.

"எல்லாரும் விஜயனப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் பெஞ்சப் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் அப்பா. பெஞ்சில் இருந்தவர் சாத்துண்ணி. அந்த இருபத்து மூணு வயசில் அப்பாவுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கிறது. கால் ஓய்ந்த பிறகும் கிரவுண்டை விட்டுப் போகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது.

நான் சென்னைக்குத் திரும்பின பிறகு அந்த மனுஷனைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்பாவைத் தேடித்தான் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சாத்துண்ணி டிஃபென்டர். ராணுவத்தின் ஈ.எம்.ஈ. அணிக்காக செகந்திராபாத்தில் ஆடினார். பிறகு கோவாவுக்குப் போய் வாஸ்கோ. பிறகு பம்பாய்க்குப் போய் ஓர்கே மில்ஸ். மலேசியாவில் நடக்கும் மெர்தேக்கா கோப்பையில் இந்தியச் சட்டையும் போட்டிருக்கிறார். ஆட்டக்காரராக இருக்கும்போதே மூணு ஊர். கோச் ஆன பிறகு கேட்கவே வேண்டாம். கேரள போலீஸ், சால்கோகர், மோகன் பகான், சர்ச்சில் பிரதர்ஸ், எஃப்.சி. கொச்சின், விவா கேரளா, சிராக் யுனைடெட் கேரளா. இது முழுப் பட்டியல்கூடக் கிடையாது. 1990-இல் அவர் பையன்கள் தோற்கடித்தார்களே, அந்த சால்கோகருக்கும் கோச்சாக இருந்திருக்கிறார் பாருங்கள். கால்பந்தில் எதிரி என்பது ஒரு சீசன் சமாச்சாரம்தான்.

1997-98 சீசனில் மோகன் பகான் முதல் முறையாக தேசிய லீகை ஜெயித்தது, அவர் கோச்சாக இருந்தபோது. கல்கத்தாவில் மோகன் பகானுக்குக் கோச்சாக இருப்பது என்ன மாதிரி வேலை என்று தெரிய அதே 1997 ஜூலையில் நடந்த ஒரு மேட்சைச் சொன்னால் போதும். பெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் ஸ்டேடியம், ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். மோகன் பகான் 4-1 என்று தோற்றது. பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக். அன்றைக்குப் பெஞ்சில் இருந்தவர் அமல் தத்தா. 'டைமண்ட்' வியூகம் என்று ஊரெல்லாம் அவரைப் பற்றித்தான் பேச்சு. அதே சீசன் லீகில் அந்தப் பெஞ்சில் சாலக்குடிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். 1999-2000-இல் மோகன் பகான் மறுபடி லீகை ஜெயித்தபோது கோச் சுப்ரதா பட்டாச்சார்யா. மூணு சீசனுக்குள் மூணு பேர். ஜெயித்தாலும் மாற்றம், தோற்றாலும் மாற்றம்.

இதைப் படித்தபோது எனக்குள் ஒன்று லேசாக உடைந்தது. அப்பா ஒவ்வொரு ஏப்ரலிலும் திரும்பி வரும்போது, அவர் ஏதோ தப்பு பண்ணிவிட்டார், துரத்திவிட்டார்கள் என்றுதான் சின்ன வயசில் நினைப்பேன். ஸ்கூலில் யாராவது "உங்கப்பா ஏன்டி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறாரு" என்றால் அழுகையாக வரும். கோப்பை ஜெயித்துக் கொடுத்த மனுஷனுக்கே இதுதான் கதி என்றால் அப்பா எம்மாத்திரம்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒருத்தன் பந்து ஆடுவது எதற்கு? வேலைக்கு. ரயில்வே, போலீஸ், பேங்க், ராணுவம், மில், மின்வாரியம். விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளே போய்விட்டால், முட்டி போனாலும் ஓய்வு பெறும் வயசு வரை சம்பளம் வரும். திருச்சியில் பொன்மலை ரயில்வே கிரவுண்டில் ஆடின எத்தனையோ பேர் அப்படித்தான் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இது கேவலமான விஷயமே இல்லை. இந்தியக் கால்பந்து பல வருஷம் உயிரோடு இருந்ததே இந்த மஸ்டர் ரோலில்தான். சென்னையில் சையத் சபீர் பாஷா இந்தியன் பேங்க் அணியில் ஆடி, அதே அணிக்குக் கோச் ஆனார். பேங்க் அவருக்குக் கிரவுண்டும் கொடுத்தது, தரையும் கொடுத்தது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. ஆட்டக்காரனுக்கு வேலை கொடுக்கிற நாட்டில் கோச்சுக்குக் கொடுப்பது ஒரு சீசன்.

திருச்சிக்காரர் ஒருத்தரைச் சொல்லாமல் போனால் தப்பு. சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பெருவோடு 3-1 என்று தோற்ற மேட்சில் அந்த ஒரு கோலை அடித்தவர். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. அதனால் இன்று வரைக்கும் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல் அவருடையது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிசாகத் தோன்றுவது 1973. கேரளா முதல் முதலாக சந்தோஷ் டிராபியை ஜெயித்தது அந்த டிசம்பரில், எர்ணாகுளத்தில், ரயில்வேயை 3-2 என்று. கேப்டன் மணி ஹாட்ரிக். மறுநாள் கேரளா முழுக்கப் பொதுவிடுமுறை விட்டார்கள். 'கேப்டன் மணி' என்ற பேர் அவர் சாகும்வரை கூடவே இருந்தது. அந்த அணிக்குக் கோச் யார் தெரியுமா? நம்ம சைமன் சுந்தர்ராஜ்தான். திருச்சியில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறதென்று. நான் கேட்டேன். முசிறி பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை. அண்ணா ஸ்டேடியம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வயசான ரெஃப்ரி ஒருத்தர் மட்டும், "அவரு பேரு சொல்லவும் ஒரு ஆளு இருக்கே" என்று என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

அப்பாவுக்கும் மஸ்டர் ரோல் வாய்த்தது. மில் அணியைக் கலைத்தது 1996-இல். ஆட்டக்காரர்களை அனுப்பிவிடவில்லை, அந்த வகையில் மரியாதையான மில்தான். ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி தந்தார்கள். அப்பா எட்டு மாசம் போல்ட் நட் கணக்கு எழுதினார். அப்புறம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். எனக்கு அப்போது மூணு வயசு. அம்மா முசிறி ஒன்றியத்தில் சத்துணவு அமைப்பாளர். அந்த வேலையை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் வீடு முசிறியில் நின்றது. அப்பா மட்டும் நகர ஆரம்பித்தார்.

ஊர்களைச் சொல்கிறேன். திருச்சூர் பக்கம் ஒரு அகாடமி. வாஸ்கோவில் ஒரு கம்பெனி அணிக்கு உதவி கோச். பாண்டிச்சேரி. ஊட்டியில் ஒரு போர்டிங் ஸ்கூல், அங்கே குளிர் தாங்காமல் மாரில் சளி கட்டி ஆறே மாசத்தில் திரும்பினார். திண்டுக்கல். சேலம் ரெண்டு தடவை. கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன டவுன். மீதி எல்லாம் எனக்குக் குழம்பும். பத்து மாச ஒப்பந்தம், ஜூனிலிருந்து மார்ச். ஏப்ரல் மே சம்பளம் கிடையாது. ஒரு இடத்தில் மூணு மாசச் சம்பளம் வரவே இல்லை. இன்னொரு இடத்தில் சேர்ந்து ரெண்டு மாசத்தில் புது நிர்வாகம் வந்து, கால்பந்து வேண்டாம், கிரிக்கெட் நெட் போடப் போகிறோம் என்று கோல் போஸ்டைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா அந்தப் போஸ்டைப் பழைய இரும்புக்குப் போகாமல் பக்கத்து அரசுப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். எப்படி வாங்கினார் என்று இன்றுவரை சொன்னதில்லை. அந்த மாசம் அம்மாவின் மணியார்டர் வரவில்லை என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த விவரம்.

எங்கள் அப்பாயி செத்தபோது அவர் வாஸ்கோவில் இருந்தார். போன் போட்டு, தகவல் சேர்ந்து, ரயில் பிடித்து மூணாம் நாள் வந்தார். கொள்ளி வைத்தது சித்தப்பா. ஆத்தங்கரையில் சாம்பல் கரைக்கும்போது அப்பா இடுப்பளவு தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றார். ஏழாம் நாள் மறுபடி கிளம்பினார், அரையிறுதி இருந்தது. அந்த அரையிறுதி என்ன ஆனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் பேலா குட்மனைப் பற்றிப் படித்தேன். ஹங்கேரிக்காரர், யூதர். ஆட்டக்காரராக வியன்னாவின் ஹகோவா அணியோடு 1925-இல் ஆஸ்திரிய லீகை ஜெயித்து, அப்புறம் அமெரிக்கா போய் ஆடியவர். கோச்சாக அவர் வேலை பார்த்த நாடுகளை விரல்விட்டு எண்ணினேன். ஹங்கேரி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, ருமேனியா, இத்தாலி, அர்ஜென்டினா, சைப்ரஸ், பிரேசில், போர்ச்சுகல், உருகுவே, சுவிட்சர்லாந்து, கிரீஸ். பன்னிரண்டு! போருக்குப் பிந்தைய ருமேனியாவில் பணத்துக்கு மதிப்பில்லை என்று சம்பளத்தைச் சாப்பாட்டுச் சாமானாக வாங்கினாராம். இத்தாலியில் ஏ.சி. மிலான் லீகில் முதலிடத்தில் இருக்கும்போதே 1955-இல் அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். போர்ச்சுகலில் பென்ஃபிகாவை வைத்து 1961, 1962 ரெண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தார். ரெண்டாவது இறுதியில் ரியல் மாட்ரிட்டை 5-3. சம்பளம் கூட்டிக் கேட்டார், தரவில்லை, கிளம்பிவிட்டார். போகும்போது சாபம் விட்டுப் போனார், அதனால்தான் பென்ஃபிகா அதற்குப் பிறகு ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் வரிசையாகத் தோற்றது என்று ஒரு கதை உலகம் பூராவும் ஓடுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரே 1965-இல் திரும்பி வந்து அதே கிளப்பில் வேலை பார்த்தார். சாபம் விட்ட வீட்டில் யாராவது சம்பளத்துக்குப் போவார்களா?

குட்மனின் கொள்கை ஒன்று பிரபலம். ஒரு அணியில் மூணாவது வருஷம் இருக்கக் கூடாது, அது நாசம் என்பார். பையன்களுக்கு உன் குரல் பழகிவிடும், எதிரிக்கு உன் ஆட்டம் பழகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்து மூணு வயசுக் கோபம். போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். "உன்ன மாதிரியே ஒருத்தர் இருந்திருக்காரு. எங்கயும் நிக்காதவரு. அவருக்காவது கப்பு கெடச்சுது."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு கப்பு ஜெயிச்சவன் மூணாவது வருஷம் வேணாம்னு சொல்லலாம் பாப்பா. என்ன யாரும் மூணாவது வருஷம் இருன்னே சொன்னதில்லையே," என்றார். போனை வைத்துவிட்டு நான் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

குட்மனைப் பற்றி மீதியையும் அப்புறம்தான் படித்தேன். 1944-இல் நாஜிகள் ஹங்கேரிக்குள் வந்தபோது அவர் ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். பிறகு கட்டாய உழைப்பு முகாமில் மாட்டினார். அங்கிருந்து அனுப்பிவிடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தப்பித்தார். கூடத் தப்பித்தவர்களில் ஒருவர் எர்ப்ஸ்டைன், பின்னாளில் டொரினோவின் கோச், 1949 சுபெர்கா விமான விபத்தில் தன் அணியோடு இறந்தவர். குட்மனின் அப்பா அவுஷ்விட்சிலிருந்து திரும்பவில்லை. இப்படி ஒரு மனுஷன், ஒரே இடத்தில் இருப்பதுதான் ஆபத்து என்று உடம்பால் கற்றுக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். அப்பாவோடு அவரை ஒப்பிட்டது அபத்தம். அப்பா யாருக்கும் பயந்து ஓடவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போகிறவனைப் பார்த்ததும் 'நிலையில்லாதவன்' என்று சொல்லிவிடுகிற அவசரம் இருக்கிறதே, அது எனக்கும் இருந்தது.

சாத்துண்ணி பட்டியலை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். எஃப்.சி. கொச்சின் 1997-இல் ஆரம்பித்து, அதே வருஷம் டியூரண்ட் கோப்பையை ஜெயித்து, சில வருஷத்தில் காணாமல் போனது. விவா கேரளா, சிராக் யுனைடெட் கேரளா என்று பேர் மாறி, 2012-இல் மூடியாயிற்று. சால்கோகர் 2016-இல் ஐ-லீகிலிருந்தே விலகிவிட்டது. அவர் பட்டியலுக்கு வெளியேயும் இதே கதைதான்: மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-இல் கலைந்தது. முதல் தேசிய லீகை ஜெயித்த பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-இல் கலைந்தது. கோச் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறார், ரெண்டு போஸ்டுக்கு நடுவில். ஊர்கள்தான் அவர் காலடியிலிருந்து நழுவி நழுவிப் போயிருக்கின்றன. நாம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பதால் அவர் ஓடுவதாகத் தெரிகிறது.

இதையெல்லாம் புரிந்துகொண்டு அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அந்த நோட்டு இருக்கிறதே.

போன வருஷம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பரணைக் காலி செய்தோம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பதினைந்து இருபது லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றோ ரெண்டோ. உள்ளே அம்புக்குறி போட்ட படங்கள், கூம்பு வைக்கும் இடங்கள், யாருக்கு இடது கால் பலவீனம், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறான். ஒரு நோட்டின் அட்டையில் '2008 - பெண்கள்' என்று இருந்தது. அந்தக் கடற்கரை ஊர். இருபத்திரண்டு பேர். ஒவ்வொரு பேருக்கும் எதிரில் வயசு, எடை, அம்மா அப்பா செய்யும் வேலை, பூட்ஸ் சைஸ். ஒரு பேருக்குப் பக்கத்தில், 'வலது கால் 4, இடது கால் 4½. ரெண்டு ஜோடி வாங்கணும்.'

2008-இல் எனக்குப் பதினாலு வயசு. எங்கள் கிளாஸில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருவேன். அப்பா ஒரு கால்பந்து கோச் என்று தெரிந்த பி.டி. டீச்சர், "அப்பாட்ட சொல்லி ஆடக் கத்துக்கோயேன்" என்று சொல்லியிருக்கிறார். லீவுக்கு வந்த அப்பாவிடம் கேட்டேன். "படிப்பப் பாரு" என்றார். ஒரு தடவைகூட என்னை ஒரு பந்தை உதைக்கச் சொன்னதில்லை. ஊரில் எனக்கு வாங்கி வரும் செருப்பு எப்போதும் ஒரு சைஸ் பெரிசாகவோ சின்னதாகவோ இருக்கும். அம்மா போய் மாற்றிக்கொண்டு வருவாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனேன். அப்பா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை விரித்து முன்னால் வைத்தேன்.

"இந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"போலீஸ்ல இருக்கா. ஸ்போர்ட்ஸ் கோட்டா," என்றார் உடனே, முகமெல்லாம் வெளிச்சமாக. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஏன் சொல்லித் தரல?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா நோட்டை மூடினார். "உனக்குச் சொல்லிக் குடுத்து, நீ நல்லா ஆடியிருந்தீன்னா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "அந்தப் புள்ளைங்களுக்கு அதத் தவிர வேற வழி இல்ல. உனக்கு இருந்துச்சு. நான் பாத்த வாழ்க்கையக் கையில எடுத்து உனக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. இப்போதும் படவில்லை. 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை இறுதியில் தோற்கடித்து சீனியர் தேசியப் பட்டத்தை ஜெயித்தபோது, 2023-இல் மறுபடி ஜெயித்தபோது, ரெண்டு தடவையும் ஹைலைட்ஸைப் பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டேன். அவர்களில் ஒருத்தியாக இருந்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. ஓட்டத்தில் முதலாவதாக வருவதற்கும் பந்துக்கும் ரொம்ப தூரம். அந்தத் தூரம் எவ்வளவு என்று பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

அப்பா நின்றது 2016-இல். யாரும் நிறுத்தவில்லை, காகிதம் நிறுத்தியது. அவரிடம் இருந்தது பாட்டியாலா என்.ஐ.எஸ்.ஸின் ஆறு வாரச் சான்றிதழ். அவர் காலத்தில் அது பெரிய விஷயம். அப்புறம் லைசென்ஸ் வந்தது. டி, சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாக. ஒவ்வொன்றுக்கும் கோர்ஸ், கட்டணம், மடிக்கணினியில் செஷன் பிளான், இங்கிலீஷில் நேர்முகம். லைசென்ஸ் வந்தது நல்லதுதான், வாயில் வந்ததைப் பேசிப் பையன்களை அடித்த எத்தனையோ பேரை அது வெளியே தள்ளியது. அப்பா டி முடித்தார். சி-க்கு ரெண்டு தடவை போனார். ரெண்டாவது தடவை போகும்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயசு, கூட உட்கார்ந்தவர்களுக்கு இருபத்தைந்து. அதில் ஒருத்தன் சேலத்தில் அவரிடம் கற்றுக்கொண்ட பையன். அவன் பாஸானான். அப்பாவுக்கு அதில் சந்தோஷம்தான். அதைத்தான் முதலில் சொன்னார், தன் ரிசல்டை அப்புறம்தான் சொன்னார்.

இப்போது சாயங்காலம் காலேஜ் கிரவுண்டில் இருபது முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஃபீஸ் கிடையாது. மாசி பங்குனியில் ஆறு வற்றினால் மணலில் ஓட விடுகிறார். மணலில் ஓடினால் கணுக்கால் பலப்படும் என்பார், அவரும் அப்படித்தான் வளர்ந்தார். போன பொங்கலுக்கு நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஒரு பையன் வரவில்லை, ஆள் குறைந்தது. அப்பா என்னைப் பார்த்து விசிலை ஊதினார்.

"செருப்பக் கழட்டிட்டு வா. லெப்ட் பேக் நில்லு."

முப்பது வயசில். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணு என் காலுக்கு நடுவில் பந்தை விட்டு எடுத்துக்கொண்டு போனாள். "உடம்பத் திருப்பு, பந்தப் பாக்காத, அவ இடுப்பப் பாரு" என்று அப்பா கத்தினார். மற்ற பிள்ளைகளிடம் கத்துகிற அதே குரல். என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசினதே இல்லை.

வீட்டுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பாலத்துப் பக்கம் காற்று அடித்தது. அப்பா திரும்பாமலே கேட்டார்.

"உன் சைஸ் என்ன, அஞ்சா?"

"ஆமா."

"பூட்ஸ் அரை சைஸ் கூட எடுக்கணும். சாக்ஸ் போடுவோம்ல."